இரும்பைக் கையில் கொடுக்காதவள்

போர்டில் 'சமூகக் கருவி நூலகம்' என்று எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னவன் நான் இல்லை. சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாமான்களை வாங்கி அனுப்பியபோது போர்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். திறந்த புதிதில் ஒரு வாத்தியார் வந்து பேப்பர் வருமா என்று கேட்டார். இங்கே கடப்பாரை, சம்மட்டி, ஏணி, டிரில்லிங் மெஷின்தான் கிடைக்கும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஊரில் எல்லோரும் அதைச் சாமான் ரூம் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் வரதன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. என்னிடம் ஸ்பேனர் இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்கள் பாதி ஊர். அந்த எரிச்சலில்தான் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன், சேவை அது இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். ரூம் ஊருக்குள்ளும் இருக்கக் கூடாது, காலனிக்குள்ளும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், மானாம்பதி போகிற ரோட்டோரம் காலியாகக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தை அலைந்து திரிந்து வாங்கினேன். ஊர்த் தெருவில் குழாய்ப் பள்ளம் தோண்டிய மண்வெட்டி மறுநாள் காலனியில் கழிவறைக்குக் குழி வெட்ட வேண்டும் என்பது என் ஆசை. கொஞ்ச நாள் அப்படியே நடக்கவும் செய்தது.

சாவி சிட்டம்மாளிடம் இருந்தது. ஊர்த் தெருக்காரி, எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் ஒரு திருகாணிகூடக் காணாமல் போகாது. அவளை வைத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

ஐப்பசி நெருங்கிய நேரம் காலனியிலிருந்து அம்முலு வந்தாள். நடவுக்கும் களைக்கும் போகிறவள், அந்தத் தெருவில் எந்தப் பொது வேலை என்றாலும் முன்னால் நிற்கிறவள். அவள் வீட்டெதிரே கால்வாய் மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை உடைந்து உள்ளே இறங்கி, அடியில் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பஞ்சாயத்தில் மனு கொடுத்துப் பார்த்தார்கள், பார்க்கலாம் என்றார்கள், யாரும் வந்து பார்க்கவில்லை. இந்த வருஷம் அம்முலுவால் காத்திருக்க முடியாது. மகள் ஏஞ்சல் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தை கிடக்கிற வீட்டில் சாக்கடை ஏறக் கூடாது, மழைக்கு முன்னால் நாமே பலகையை நெம்பி எடுத்துவிடலாம் என்று தெருவைக் கூட்டிப் பேசி முடித்துவிட்டு, கடப்பாரை கேட்டு வந்திருந்தாள்.

நான் உள்ளே ஒரு தள்ளுவண்டியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிட்டம்மாள் கடப்பாரையை எடுத்து வந்து, அம்முலு நீட்டிய கையைத் தாண்டித் தரையில் போட்டாள். போட்டுவிட்டு, எடுத்துக்கோ என்றாள். அம்முலு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கடப்பாரையைப் பார்த்தாள், சிட்டம்மாளைப் பார்த்தாள். வெறுங்கையோடு திரும்பிப் போய்விட்டாள்.

இவளுக்கு என்ன கேடு, கேட்டதைக் கொடுத்தால் விட்டுவிட்டுப் போகிறாள் என்று சிட்டம்மாள் முனகினாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சட்டென்று புரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் உப்பு, மிளகாய், கத்தி, அரிவாள் எதையும் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் வாங்கினவருக்கும் கொடுத்தவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சிட்டம்மாள் அதில் ரொம்பக் கறார். டிரில்லிங் மெஷினைக்கூட உள்ளே இரும்பு இருக்கிறதே என்று யோசித்துத் தரையில் வைக்கிறவள். எனக்கும் கீழேதான் வைப்பாள், அவள் புருஷனுக்கும் கீழேதான்.

அன்றைக்குச் சாயங்காலமே காலனியிலிருந்து ஏணி திரும்பி வந்தது. மண்வெட்டிகள் வந்தன. வேலை முடியாமலே வந்தன. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. உத்திரமேரூரில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவன் ரோட்டிலேயே சொல்லிவிட்டுப் போனான். மழைக்காலம் நெருங்குகிற நேரம், வாடகைக் கடையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்முலு வீட்டுக்குப் போனேன். ஏஞ்சல் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் வெளியிலேயே நின்று பேசினோம். சிட்டம்மாள் எல்லோருக்கும் அப்படித்தான், சண்டை வரக் கூடாது என்று செய்கிறாள், நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று விளக்கினேன். அம்முலு முழுசாகக் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதா சார்? நாங்களுந்தான் உப்பைக் கையில குட்க்க மாட்டோம்," என்றாள். "உங்க வூட்டு ஆளுக்குக் கீய வெச்சா சண்ட வரக்கூடாதுன்னு வெக்கிறாங்கோ. எங்க அப்பாவுக்குக் கூலியைக் கீய வெச்சாங்களே, அது இன்னாத்துக்கு? ரெண்டும் தரைதான. எதுக்காக வெக்கிறாங்கோன்னு நான் எப்டி சார் கண்டுபுடிக்கிறது?"

வெட்கமாக இருந்தது. சரி, நானே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன் என்றேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை. நான் கொடுத்தால் அது வரதன் சார் கொடுத்தது, ரூம் கொடுத்தது ஆகாது என்றாள். அதுவும் நியாயந்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு கால்வாயைத் தோண்ட முடியாது என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே சிட்டம்மாளிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சாதி பார்த்தாள் என்று பேர் வாங்கினது அவளுக்கு நிஜமாகவே வலித்தது. அப்படியானால் நாளைக்கு அம்முலு கையில் கொடுத்துவிடு என்றேன். அது மட்டும் முடியாது என்றாள். அவள் கூடப் பிறந்த தங்கை திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு பொங்கலுக்கு வந்தவளிடம் இவள் அவசரத்தில் அரிவாள்மனையைக் கையில் கொடுத்துவிட்டாளாம். அன்றைக்கே பேச்சு முற்றி, தங்கை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். இன்றுவரை பேச்சு இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. மேஜை போட்டு அதன்மேல் வைக்கலாமா என்று அவளே கேட்டாள். மேஜை என்ன, தரையைத் தூக்கிக் கால் வைத்தால் அதுதான் மேஜை என்றேன். அந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருப்பதைச் சொன்னேன். அவள் கடையைப் பூட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் விடியும்போதே மழை ஊற்றியது. நான் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர். அம்முலு வீட்டுக்குள்ளே போய்விட்டிருந்தது. கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து ஏற்றி, அதன்மேல் ஏஞ்சல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. வெளியே அம்முலுவும் தெருக்காரர்களும் ஒரு பந்தல் காலை வைத்துப் பலகையை நெம்பினார்கள். அது முறிந்தது. இன்னொன்று கொண்டுவந்தார்கள். எனக்கு என்மேலேயே கோபமாக வந்தது, கையை வீசிக்கொண்டு வந்து நிற்கிறேனே என்று.

அப்போது சிட்டம்மாள் வந்தாள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, தோளில் கடப்பாரையோடு, சேலையைத் தூக்கிச் செருகியபடி தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்தாள். அவள் அந்தத் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. அம்முலுவின் எதிரே வந்து நின்றாள். தரை எங்கும் தண்ணீர். ஆனால் பக்கத்திலேயே ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது, அதில் சாய்த்து வைத்திருக்கலாம். சிட்டம்மாள் அந்தச் சுவரைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் கடப்பாரையை நீட்டினாள்.

அம்முலு உடனே வாங்கவில்லை. தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புடி," என்றாள் சிட்டம்மாள். "கொயந்த அய்வுது."

அம்முலு வாங்கினாள். நாலு குத்தில் பலகை பிளந்தது. ஆட்கள் இறங்கிச் சேற்றை வாரி எறிய எறியத் தண்ணீர் சுழன்று வடிந்தது. சிட்டம்மாள் போகவில்லை. ஒரு முறத்தை வாங்கி, அம்முலு வீட்டுக்குள் நின்ற தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். மிதித்து நடக்க நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். சென்னைப் பிள்ளைகளிடம் போனில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் மழை விட்டதும் கடப்பாரை திரும்பி வந்தது. சேறு காய்ந்து ஒட்டி, முனை வளைந்து வந்தது.

"இன்னாமே, எரவல் வாங்கினா கய்விக் குட்க்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்தாள் சிட்டம்மாள்.

"இன்னாமே நீ, உங்கப்பன் வூட்டு கடப்பாரையா?" என்றாள் அம்முலு.

அவ்வளவுதான். ரோட்டில் போன பஸ் நின்றது. மேலே நடந்ததை அச்சில் ஏற்ற முடியாது. ஒருத்தியின் பரம்பரையை இன்னொருத்தி விட்டுவைக்கவில்லை. இந்த 'மே' எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற வார்த்தை, நாத்தனாரோடும் ஓரகத்தியோடும் குழாயடியில் புழங்குகிறது. ஊர்க்காரி திட்டினால் காலனிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போவதைத்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஊர்க்காரியைப் பார்த்து ஒரு காலனிக்காரி 'இன்னாமே நீ' என்று கேட்டு, ஊர்க்காரியும் ஓரகத்தியிடம் கத்துவது போலச் சரிக்குச் சரி திரும்பக் கத்தினதை அன்றைக்குத்தான் கேட்டேன். விலக்கிவிடச் சொல்லி நாலு பேர் என்னைத் தள்ளினார்கள். நான் நகரவில்லை.

"பாத்தியாண்ணா, சொன்னேன்ல, சண்ட வரும்னு?" என்று சிட்டம்மாள் மூச்சு வாங்க என்னிடம் வந்தாள். ஆமாம், வந்துவிட்டது என்றேன்.

இப்போது இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. காலனிக்காரர்கள் பழையபடி சாமான் எடுக்க வருகிறார்கள். நேற்று அம்முலு கழிவறைக்குச் சுவர் இடிக்கச் சம்மட்டி வேண்டும் என்று, சிட்டம்மாள் பக்கம் திரும்பாமல், என்னிடம் கேட்டாள். சிட்டம்மாள் எழுந்து போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தாள். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, அம்முலுவின் கையில் கொடுத்தாள்.