புலம்பலுக்குக் கூலி இல்லை

உளவியல் படிக்கப் போன முதல் மாதத்திலேயே மருமகளுக்கு உலகத்தில் ஒருவரும் சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. ரொட்டி வேன் ஓட்டுகிற கணவன் வீட்டைப் பூட்டிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. கண்ணாடிக் கடை முதலாளி தன் தப்பையெல்லாம் அடுத்தவர் தலையில் கட்டுவார். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. மனநோய்கள் பற்றிய பாடம் வந்த வாரம் மருமகளுக்கே நாலைந்து நோய் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஞாபகசக்தி பற்றிய பாடம் தொடங்கியதும் எல்லாம் தானாகக் குணமாகிவிட்டது.

கேலி செய்கிறேனே தவிர, அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு அது. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வேலை, பிறகு கல்யாணம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் ஃபிரேமை வளைத்து வாடிக்கையாளர் காதில் பொருத்திப் பார்க்கிற வேலை. மாலையில் பல்கலைக்கழகம். வகுப்பில் எல்லோரும் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள், அவளுக்குக் ‘கண்ணாடிக்கடை அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த அறிமுகப் பாடத்தில் தேறினால்தான் அடுத்த வருஷம் படிக்க முடியும். அதனால் மேடம் வாயைத் திறந்தால் போதும், அக்கா பேனாவைத் திறந்துவிடுவாள்.

மேடம் கெட்டிக்காரி. ஜோக் சொல்வதற்கு முன்பே தானே சிரித்துவிடுவார் என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எந்தப் பழக்கத்துக்குப் பின்னாலயும் ஒரு கூலி இருக்கு. ஒரு குழந்தை அழுவுது, நாம ஓடிப் போய்ப் பாக்கறோம். நாம பாக்கறதுதான் அதுக்குக் கூலி. கூலிய நிறுத்திட்டா பழக்கம் வேலைக்கு வராது. ஆனா ஒண்ணு, நிறுத்தின புதுசுல முன்னவிட அதிகமாகும். அசந்துடக் கூடாது.”

பிறகு செய்முறை வேலை கொடுத்தார். ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, கூலியைக் கூட்டியோ குறைத்தோ அதை மாற்றி, தினமும் எத்தனை முறை வருகிறது என்று குறித்து வரைபடம் போட வேண்டும்.

“உங்ககிட்ட இருக்கற பழக்கம். உங்களோடது மட்டும்” என்று மேடம் அழுத்திச் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவன் நகம் கடிப்பதை எடுத்துக்கொண்டான். முன்வரிசைப் பெண் போனை நோண்டுவதை எடுத்துக்கொண்டாள். மருமகள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். மாற்ற வேண்டிய பழக்கம் எதுவும் தன்னிடம் அகப்படவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அத்தை இருந்தாள்.

கணவனைப் பெற்ற இந்த அத்தை, ஒரு ஹோட்டல் சலவைக் கூடத்தில் ஆயுசெல்லாம் நின்றபடி படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டவள். இப்போது வீட்டோடு இருக்கிறாள். அத்தைக்குப் பேச்சு என்றாலே புலம்பல்தான். மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் முட்டிவலி வரும், அதன் பின்னாலேயே சொட்டுகிற குழாய் வரும், ரிமோட்டை யாரோ மாற்றி வைத்த கதை வரும். கெட்ட மனுஷி இல்லை. பகலெல்லாம் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேர்த்து வைத்ததை வந்தவளிடம் கொட்டுவாள். அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அது தலையில் சம்மட்டியாக இறங்கியது.

“முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா.”

மருமகள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள்.

“மேல் வீட்டுல நாள் பூரா நாற்காலிய இழுக்கறாங்க. மனுஷன் கண்ணசர வேணாமா?”

மருமகளுக்குக் காது கேட்கவில்லை.

“இன்னிக்கு வெயில் நல்லா அடிச்சுது.”

மருமகள் சட்டென்று திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, “ஆமா அத்தை, துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சிருக்கு பாருங்க” என்றாள்.

மேடம் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. முதல் வாரம் புலம்பல் இரண்டு மடங்கானது. இல்லாத வலியெல்லாம் வந்தது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு புலம்பலையும் போனில் குறித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் வரைபடத்தின் கோடு மெல்லச் சரியத் தொடங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் வருவதற்குள் வகுப்பில் காட்டியபோது பிள்ளைகள் மூக்கில் விரலை வைத்தார்கள். நகம் கடிக்கிறவன் இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் அத்தை சொன்னாள்:

“ரெண்டு நாளா வலது கண்ணுல கொசு மாதிரி என்னமோ பறக்குதும்மா. கைய வீசினாலும் போக மாட்டேங்குது. ஓரத்துல பளிச் பளிச்சுன்னு வேற அடிக்குது.”

கடையில் ஒரு வாடிக்கையாளர் இதைச் சொல்லியிருந்தால் மருமகள் கையிலிருந்த ஃபிரேமை அப்படியே வைத்துவிட்டு, “இதுக்குக் கண்ணாடி இல்லீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஆட்டோ பிடித்து ஏற்றியிருப்பாள். அப்படி இரண்டு பேரை ஏற்றியும் இருக்கிறாள். ஆனால் இங்கே அவள் கேட்டது கண்ணைப் பற்றி அல்ல. புலம்பலை. போனில் ஒன்று கூட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பாத்திரம் கழுவினாள்.

அத்தை கொஞ்ச நேரம் அவள் முதுகைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, “நாளைக்கும் வெயில் அடிக்கும் போலிருக்கு” என்றாள்.

மருமகள் திரும்பிச் சிரித்தாள்.

அதன் பிறகு வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அத்தை வெயிலைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், மற்ற நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அம்மா ஏன் இப்படி ஆயிட்டாங்க? உங்களுக்குள்ள சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. இதான் படிப்பு” என்றாள் அவள், பெருமையாக.

கடை விடுமுறையன்று காலையில் அத்தை டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். மருமகளின் கோப்பையில் ஊற்றியபோது டீ கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்து மேஜை முழுக்க ஓடியது. அத்தை அவசர அவசரமாக முந்தானையால் துடைத்தாள். கை வழுக்கியதாகச் சொல்லிச் சிரிக்கக்கூட முயன்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் மருமகளுக்கு அந்தக் கொசு ஞாபகம் வந்தது. தான் எப்போது திரும்பிப் பார்ப்போமோ என்று காத்திருந்து பழகிய சிரிப்பு அது.

எழுந்து அத்தையின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

“என் முகம் தெரியுதா?”

“தெரியுதே.”

“முழுசாவா?”

அத்தை தயங்கினாள். “மூக்குக்குக் கீழ இல்லம்மா. திரை போட்ட மாதிரி இருக்கு.”

கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை பிரிந்துவிட்டது என்றார்கள், அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். எழுதிக்கொண்டே கேட்டாள்.

“கொசு பறக்கற மாதிரி, மின்னற மாதிரி முன்னாடியே இருந்திருக்கும். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

மருமகள் தரையைப் பார்த்தாள்.

“சொல்லல டாக்டர். என் தப்புதான்” என்றாள் அத்தை. “வயசானா இப்படித்தான்னு நானே விட்டுட்டேன்.”

சீக்கிரம் வந்திருந்தால் பார்வை திரும்பிவிடும் என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன், இப்போது எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று பிறகுதான் தெரியும் என்றாள் டாக்டர். அதில் மருமகளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அத்தை ஒரு பொய்யைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றியதுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். மேடம் இந்த முறை முன்னாலும் சிரிக்கவில்லை, பின்னாலும் சிரிக்கவில்லை.

“உங்க பழக்கம்னுதானே சொன்னேன்?”

“ஆமா மேடம்.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“இதுக்கு மார்க் போட முடியாது. புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க, நாள் இருக்கு. அது கிடக்கட்டும். நீங்க செஞ்சது அவங்களுக்குத் தெரியுமா?”

மருமகள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“சொல்லிடுங்க. யார் மேல சோதனை பண்ணோமோ அவங்ககிட்ட சொல்லாத வரைக்கும் அது முடிஞ்சதா அர்த்தமில்ல” என்ற மேடம், தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். “கண் தெளியட்டும்னு காத்திருக்காதீங்க. தெளிஞ்சதும் சொல்றது சுலபம்.”

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக அத்தை இராப்பகலாகக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடுவதும் குனிந்தபடி, தூங்குவது குப்புறப் படுத்தபடி. கட்டிலின் விளிம்பில் தலையணையை அடுக்கி, நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து, தரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். மருமகள் தரையில் மல்லாந்து படுத்து, அத்தையின் முகத்துக்கு நேர் கீழே நகர்ந்தாள். முதுகைக் காட்டியவளுக்கு அந்த இடம்தான் சரி.

“அத்தை, ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். கூலி, வரைபடம், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவியது, வெயிலுக்குச் சிரித்தது, ஒன்றுவிடாமல் சொன்னாள். “அந்தக் கொசுவையும் எண்ணிக்கையிலதான் சேத்தேன்” என்றபோது கண்ணீர் இரண்டு காதிலும் வழிந்தது.

அத்தையின் கட்டுப் போடாத ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கூலியாம் கூலி” என்றாள் கடைசியில். “நீ சிரிக்கறதுக்காகவா நான் வாய மூடிக்கிட்டேன்? இத்தனை வருஷம் கழிச்சுப் படிக்கற. பரீட்சைன்ற. வந்ததும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கற. சரி, தலைக்கு மேல பாரம், நாம வேற தொணதொணன்னு படுத்தறோம், நம்மால இந்தப் பொண்ணு படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன்.”

மருமகளின் வரைபடத்தில் இதற்கு இடமே இருக்கவில்லை.

“கோவமா, அத்தை?”

“இல்லாம இருக்குமா? பத்திக்கிட்டு வருது. ஆனா இப்படிக் குனிஞ்சுகிட்டே மனுஷி ஒழுங்கா கோவப்பட முடியல. நிமிரச் சொல்லட்டும். அப்புறம் இருக்கு உனக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, “இந்தத் தலகாணி கல்லு மாதிரி இருக்கு” என்றாள்.

“எங்க குத்துது?” என்று மருமகள் எழுந்தாள்.

நிமிரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மருமகள் வாங்கிக்கட்டிக்கொண்டாள். கண் மட்டும் பதில் சொல்லாமல் இருந்தது. வாயு கரையக் கரைய மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார்கள். தினமும் மருமகள் இடது கண்ணை மூடி என்ன தெரிகிறது என்று கேட்பாள். வெளிச்சம் தெரியுது என்பாள் அத்தை. இன்னொரு நாள், தண்ணி தளும்பற மாதிரி தெரியுது என்பாள். வெளிச்சம் என்றும் தண்ணீர் என்றும் வாரங்கள் போயின. புதிய செய்முறைக்கு மருமகள் தன் பழக்கத்தையே எடுத்துக்கொண்டாள்: வீட்டில் யாராவது பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது. முதல் வாரக் கணக்கைப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு மாலை, தோளில் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பியவளை ஜன்னலோரமிருந்து அத்தை கூப்பிட்டாள். இடது கண்ணைத் தன் கையாலேயே மூடிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இந்த ஜன்னல் கம்பி போட்டவன் யாரு? ஒண்ணாவது நேரா இருக்கா பாரு. அந்தக் கடைசிக் கம்பி பாம்பு மாதிரி நெளியுது. எதிர் வீட்டுக்காரி மூஞ்சி வேற கோணலா தெரியுது. அவளுக்கு அது பொருத்தந்தான், ஆனாலும் எனக்குத் தலைய வலிக்குது.”

கம்பிகள் நேராகத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எதிர் வீட்டு முகம் வரைக்கும் அத்தை வலது கண்ணால் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருமகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒவ்வொண்ணா சொல்லுங்க அத்தை. எனக்கு நேரமிருக்கு.”

நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அத்தை முதல் கம்பியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.