'--சும்மா' பதவியிறக்கம் செய்யப்பட்ட கதை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் கணினியில் கைக்குப் பழகிய ஒரு கட்டளைச் சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். பழிவாங்க வேறு வழி தெரியாமல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'ஏழாவது மாடியில் மழை சன்னலை...' வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.

2

பழைய கோப்புகளை அழிக்கும் மென்பொருள் அது. கட்டளையோடு '--சும்மா' என்று சேர்த்தால் எதையும் அழிக்காது. எதெது அழியும் என்று காட்டுவதோடு சரி. எழுதியவன் ஒல்லி. அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். புதிதாக வந்த இயக்குநர் முகத்தைச் சுளித்தார்.

"சும்மாவா? என்னப்பா இது, வெட்டிப்பேச்சு மாதிரி. இனிமே இது '--செயல்விளைவு-முன்மதிப்பீடு'."

"பழைய பேரும் கூடவே இருக்கட்டும் சார். தெரியாத சொல்லை அடிச்சா நம்ம மென்பொருள் அதைக் கண்டுக்காம மிச்ச வேலையைச் செஞ்சிடும்."

"அப்படின்னா?"

"நிஜமாவே அழிச்சிடும்."

"பழகிப்பாங்கப்பா," என்று இயக்குநர்த்தனமாகச் சிரித்தார்.

(அவருக்கு நான் முதலில் வைத்த பெயர் 'மேதாவி'. மரியாதை கருதிக் கதை முழுக்க ஒரே தட்டலில் மாற்றினேன். ஒல்லியும் பழைய சொல்லை மென்பொருளிலும் அறிவிப்பிலும் அப்படித்தான் மாற்றினான். அதனால் அறிவிப்பு இப்படி வெளிவந்தது: "'--செயல்விளைவு-முன்மதிப்பீடு' என்பதற்குப் பதிலாக இனி '--செயல்விளைவு-முன்மதிப்பீடு' என்று அடிக்கவும்." இயக்குநர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்.)

(தெரியாத சொல்லைக் கண்டதும் மென்பொருளை நிற்கச் செய்யலாமே என்று கேட்கும் வாசகரே, ஒல்லியும் கேட்டான். "அது அடுத்த வருஷத் திட்டம்" என்று பதில் வந்தது.)

3

ஒல்லியின் அக்கா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கடை திறந்ததும் '--சும்மா' போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழைய படங்களைக் கழிப்பாள். ஒல்லி போன் செய்து புதிய பெயரைச் சொன்னான்.

"அதை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள படமெடுக்க வந்த குழந்தைக்குப் பல்லு முளைச்சிடும்டா."

"விளையாடாதக்கா. பழைய ஞாபகத்துல அடிச்சே, ஊரார் கல்யாணப் படமெல்லாம் போயிடும்."

"என் விரலு என்னைக் கேட்டா அடிக்குது?"

அக்கா விசும்பி... அழித்துவிட்டேன். அவள் விசும்புகிற ஆளில்லை. "உங்க இயக்குநரை வந்து பதில் சொல்லச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

4

வெளியீட்டு நாள். மாலையில் பொத்தானை அழுத்தினால் புதிய பதிப்பு எல்லார் கணினிக்கும் தானாகப் போய்விடும். அதற்கு முன் கூட்டத்தில், புதிய பதிப்பு ஏற்கெனவே ஏற்றியிருந்த தன் கணினியில் இயக்குநரே செய்து காட்ட எழுந்தார்.

"என் உரைகள் மொத்தமும் இந்தக் கணினியிலதான் இருக்கு, வேற பிரதி கிடையாது. அதை வெச்சே காட்டறேன். ஒண்ணும் அழியாது, பாருங்க."

சபையைப் பார்த்தபடியே அடித்தார். நாள் முழுக்கத் திட்டித் திட்டியே அந்தச் சொல் அவர் விரலுக்கு மனப்பாடம். திரையில் விழுந்தது: '--சும்மா'.

ஒல்லி மட்டும் பார்த்தான். விரல் எண்டருக்கு மேலே நிற்கிறது.

5

"சார்" என்று வாயெடுத்தால் உரைகள் பிழைக்கும்; மாலையில் புதிய பெயர் கிளம்பும்; காலையில் அக்கா கடை திறப்பாள். வாயை மூடிக்கொண்டால் உரைகள் போகும். பழைய பெயர் அன்றைக்கே பதவிக்குத் திரும்பும்.

இரண்டையும் எழுதி அழித்தேன். ஒல்லியின் வாய் பாதி திறந்திருக்கிறது. மீதியைத் திறப்பதோ மூடுவதோ உங்கள் பொறுப்பு. நான் சொன்னால் நியாயமாக இருக்காது. அந்த உரைகளை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.