மேரி வாசலுக்கு முட்டு

மணி பத்தே முக்கால். கழுத்து மாலையோடு வெயிலில் நின்ற விஜயகுமாரி, பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து மேரி என்றே பெயர் நிலைத்துவிட்ட நகராட்சிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

சனிக்கிழமை. பன்னிரண்டுக்கு மேரியை மூடிவிடுவார்கள். மாப்பிள்ளை இளங்கோவன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன், நாளைக்கு விமானம். சாயங்காலம் தாலி ஏறினாலும் இங்கே பதிவாகாவிட்டால் அவளுக்கு விசா இல்லை. அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்துத்தான்.

குறுக்கே நின்றது கதவு. ராத்திரி மழையில் வாசல் வளைவு விரிசல் விட்டு நிலைமேல் உட்கார்ந்துவிட்டது.

"பின்வழியா வந்து முடிச்சுக்கலாமே?" என்றான் இளங்கோவன்.

மேயர் ஏகநாதன் தலையை ஆட்டினார். "தெருக்கதவு விரியத் திறந்திருக்கணும் தம்பி. ஆட்சேபணை சொல்றவன் நேரா உள்ள வரணும், அதான் சட்டம். சாத்தின கதவுக்குள்ள நடந்தா செல்லாது."

விஜயகுமாரியின் தாய்மாமன் தங்கவேல் கொத்தனார். விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அவுரிக் கிடங்காக் கட்டின சுவரு, நூறு வருசமானாலும் அசையாது. அப்புறம் மேரியாக்கினப்போ அழகுக்குன்னு இந்த வளைவை முன்னாடி ஒட்டிட்டான். பழஞ்சுவத்துக்குள்ள பல்லு மாதிரி கல்லை விட்டுப் பிணைச்சுக் கட்டல. இப்ப கதவுதான் தாங்குது. தொறந்தா தலையில."

"முட்டுக் குடுத்தா?" என்றாள் விஜயகுமாரி.

"கழிக்கு எங்கடி போறது? தவளக்குப்பம் கழிக்கடைக்குப் போயி வர்றதுக்குள்ள மணி ஒண்ணாயிடும்."

"நம்ம வூட்டுப் பந்தல்ல நிக்கிறது இன்னா மாமா, கரும்பா?"

அடுத்த தெருவில் வீட்டு வாசல் பந்தல் சரிந்தது. "தாலி ஏறலை, அதுக்குள்ள பந்தலைப் பிரிக்கிறாளே!" என்று அத்தை தையலம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். ஏழு சவுக்குக் கழிகள் மேரி வாசலுக்கு வந்து சேர்ந்தன. தங்கவேல் முட்டு வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நடுவுல ஒண்ணு வேணும்."

வீட்டில் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று: மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய முகூர்த்தக்கால். ஒருவரும் நகரவில்லை. மணி பதினொன்றரை.

விஜயகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கட்டிப்பிடித்து ஆட்டி, தானே பிடுங்கினாள்.

மேரி வாசலில் நடுக்கழி ஏறியது. தங்கவேல் தாழ்ப்பாளை நீக்கி, ஒவ்வொரு கதவாக உள்ளே தள்ளினார். மேலே கரகரவென்று சத்தம். சுண்ணாம்புத் தூள் கொட்டியது. வளைவு நின்றது.

இளங்கோவன் படியிலேயே நின்றான். "விழுந்துடாதுல்ல மாமா?"

"பட்டாளத்துக்காரனாம்!" விஜயகுமாரி கழிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே போய்த் திரும்பினாள். "வர்றியா, ரெண்டு பேருக்கும் நானே சம்மதம் சொல்லிடட்டா?"

கூட்டம் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வந்தான்.

மேயர் மேலே ஒரு கண், பதிவேட்டில் ஒரு கண்ணாக அவசர அவசரமாக வாசித்தார். "இந்த இளங்கோவனை நீ மனப்பூர்வமா..."

"சம்மதம்," என்றாள் அவள். "பேனாவைக் குடுங்க."