பாணுக்கு அடிபடும் காட்சி

செட்டிபாளையத்து வாவிக்கரையில் காலையிலிருந்து ஆட்களுக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கிடந்து கறுத்த மீனவர்கள்தான். அந்தக் கறுப்பும் போதாதாம். பிரெஞ்சுப் படம். ஆபிரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வேலை தேடிப் போகிறவர்கள் நடுக்கடலில் பட்டினியால் ஒரு பாண் ரொட்டிக்கு அடித்துக்கொள்ள வேண்டும். கடலுக்கு வாவி, ஆபிரிக்கருக்கு இவர்கள். எல்லாம் மலிவு.

அவர்களோடு தோணியில் இருந்த திவாகரனுக்குப் பூச்சைவிட அந்தக் கதைதான் எரிச்சலூட்டியது. பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனை விசா இல்லையென்று பிடித்து அனுப்பியிருந்தார்கள். அங்கே பக்கத்துத் தொட்டியில் கழுவியவன் மாலி நாட்டு பக்காரி. திவாகரன் காய்ச்சலில் விழுந்தபோது அவனுடைய சட்டிகளையும் சேர்த்துக் கழுவி, முதலாளிக்குத் தெரியாமல் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவன். அவனையா பாணுக்குக் கடிபடுகிற மிருகமாகக் காட்டுவது?

"ஆக்‌ஷன்!"

கரையிலிருந்து ஒரு பாண் தோணிக்குள் வந்து விழுந்தது. எடுத்தவன் அதைப் பின்னால் நீட்டினான். அது கைமாறிக் கைமாறி, கோல் ஊன்றி நின்ற வேலனிடம் போனது. வேலன், திவாகரனின் மனைவிக்கு அண்ணன். கோல்காரன் சோர்ந்தால் தோணி கரை சேராது. அதனால் வாவியில் முதல் வாய் அவனுக்குத்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். காட்சியை மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பாண் வேலனிடமே போனது.

இயக்குநர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். படக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த நல்லரத்தினம் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார்.

"என்னடா, கோயில் பிரசாதமா குடுக்கிறீங்க? பறிச்சுத் தின்னுங்கடா!"

"ஆபிரிக்க ஆக்கள் அப்பிடி இல்லண்ணன். நான் அவங்களோட வேலை செஞ்சனான்," என்றான் திவாகரன்.

"உன்ன ஆரு கேட்டது? இந்தமுறை சரிவரல்லெண்டா வேற ஊர் ஆக்கள எடுப்பம். உங்கள்ல ஒருத்தனுக்கும் சம்பளமில்ல."

தோணியில் இருந்தவர்கள் எல்லாரும் திவாகரனையே பார்த்தார்கள். வாவியில் மீன்பட்டு எவ்வளவோ காலமாகிறது.

"பறி மச்சான். முடிச்சிட்டுப் போவம்," என்றான் வேலன் மெல்ல.

பாண் விழுந்தது. வேலனிடம் போனது. திவாகரன் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான். நல்லரத்தினத்தின் மேலும் இயக்குநரின் மேலும் இருந்த ஆத்திரமெல்லாம் அந்தப் பாய்ச்சலில் இருந்தது. நகம் கிழித்ததோ வேலனின் கன்னத்தை. கோல் தண்ணீரில் விழுந்தது. கரையில் கைதட்டினார்கள்.

வேலன் சட்டை நுனியால் கன்னத்தைத் துடைக்கப் போனான். ஒப்பனைக்காரப் பெண் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"ரத்தத்தத் துடைக்க வேணாமாம்," என்றார் நல்லரத்தினம். "அடுத்த காட்சிக்கும் வேணுமாம்."

வேலன் கையைத் தொங்கப் போட்டான். இலையான் ஒன்று வந்து காயத்தில் உட்கார்ந்தது. அதையும் அவன் விரட்டவில்லை.