அயிரைக்கு ஒரு கரை

மகுடேஸ்வரன் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்று துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்டால், இருக்கிறது என்று சொல்வது அவன் வேலை. சில சமயம் உண்மையிலேயே இருக்கும்.

பதினொரு வருஷம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது டென்மார்க்கிலிருந்து ஒரு மெயில் வந்தது. தொழிற்சாலைக்கு அருகிலுள்ள நீர்நிலையில் நாட்டு மீன்கள் பிழைத்திருக்கக் கம்பெனி என்ன செய்திருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பதில் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த சீசன் ஆர்டர்.

முதலாளி ஆறுச்சாமி மெயிலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஏனுங்க மகுடேசு, நாம பண்றது டீ சர்ட்டு. மீனு எதுக்குங்க நடுவுல வருது?"

"அவங்க ஊர்ல இப்ப அதுதானுங்க கேக்கறாங்க."

"சரி, பண்ணிப்போடலாம். மீனுதானே."

சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கம்பெனிக்குப் பின்னாலிருந்த செங்காட்டுக் குளத்தைக் காரிலிருந்து இறங்காமலே பார்த்தார். அறுபத்திரண்டு பக்க அறிக்கை கொடுத்தார். அட்டையில் அலாஸ்காவில் எடுத்த சால்மன் மீன் படம் இருந்தாலும், உள்ளே விஷயம் சரியாகத்தான் இருந்தது. குளத்தோரத்து மணலை யாரோ எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது கறுப்புச் சேறு. மணலுக்குள் புதைந்து வாழும் அயிரைக்கு அங்கே இடமில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நைசான ஆற்று மணலைப் பரப்பினால் அயிரை பிழைக்கும்.

ஆற்று மணல் லேசில் கிடைக்காது. ஆனால் ஆறுச்சாமியின் மச்சினருக்குக் கல் கிரஷர் இருந்தது. ஜல்லி உடைத்து வந்த எம் சாண்ட் பதினெட்டு லாரி வந்து இறங்கியது.

"அறிக்கையில ஆத்து மணல்னு போட்டிருக்குதுங்க" என்றான் மகுடேஸ்வரன்.

"மீனு என்ன லேப் டெஸ்டா கேக்கப் போகுது?"

ஜூலையில் திறப்பு விழா. ஃபிளெக்ஸ் பேனரில் ஆறுச்சாமி பன்னிரண்டு அடி உயரம் இருந்தார். மீன் ஒரு மூலையில், அவருடைய செருப்புக்குக் கீழே இருந்தது. கை தட்டுவதற்கு நாற்பது தொழிலாளர்களைக் கம்பெனியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, செக்கிங் செக்‌ஷன் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. தைத்த துணியில் ஊசி ஓட்டையைத் தேடித் தேடிப் பழகிய கண். அவள் கரையில் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"சார், இதுல அயிரை பொதையாது. கண்ணாடித்தூள் மாதிரி இருக்கு. வயித்தக் கிழிச்சிரும்."

அது உண்மை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. "ரிப்போர்ட் அனுப்பியாச்சும்மா" என்றான். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துக்கொண்டான்.

மதுரையிலிருந்து உயிரோடு வந்த அயிரைகளை, குழம்புக்குப் போக வேண்டியவற்றை, விழாவுக்கு வந்திருந்த டென்மார்க் பையர் அம்மணி தன் கையால் பானையிலிருந்து விட்டார். அவை மணலை முட்டின, திரும்பின, மறுபடி முட்டின. அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மீனுக சந்தோசத்துல ஆடுதுங்க" என்று ஆறுச்சாமி சொன்னதை மகுடேஸ்வரன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். அடுத்த நாள் காலை இருபது கொக்குகள் வந்து அந்தச் சந்தோஷத்தில் பங்கெடுத்துக்கொண்டன.

அதன்பிறகு அந்தக் கரையைப் பயன்படுத்தியவர்கள் கல்யாண ஜோடிகள்தான். கேமராக்காரர்கள் அதற்குத் 'திருப்பூர் பீச்' என்று பேர் வைத்தார்கள். மகுடேஸ்வரன் மூன்று மாத அறிக்கையில், கரையில் உயிரினங்களின் நடமாட்டம் கூடியிருப்பதாக எழுதினான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் செக்கிங் டேபிளருகே ஒச்சம்மாள் அவனை நிறுத்தினாள்.

"மீனெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சீகளா சார்? ஞாயித்துக்கெழம வாங்க."

போனான். வடகிழக்கு மூலையில் மழைத்தண்ணி வாய்க்கால் குளத்தில் சேரும் இடம். அந்த வருஷத்து மழை எங்கிருந்தோ நைசான மஞ்சள் மணலை அடித்துக்கொண்டு வந்து ஒரு பாய் அகலத்துக்கு விரித்திருந்தது. ஒச்சம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கி, மணலுக்குள் மெல்லக் கையை விட்டாள். விரல் நீளத்துக்குப் புள்ளி போட்ட ஒன்று நழுவி ஓடி, மீசையை ஆட்டிவிட்டு மறுபடி புதைந்தது. பக்கத்திலேயே தீக்குச்சி அளவில் நாலைந்து குஞ்சுகள்.

மகுடேஸ்வரன் பேன்ட் நனைய அப்படியே உட்கார்ந்துவிட்டான். பதினொரு வருஷத்தில், அறிக்கையில் எழுதக்கூடிய ஒரு நிஜத்தை இப்போதுதான் நேரில் பார்க்கிறான்.

திங்கட்கிழமை ஆறுச்சாமி கூப்பிட்டார். அதே மூலையில் பேவர் பிளாக் பதித்து, கம்பெனி பேரில் ஆர்ச்சும் நீரூற்றும் கட்டப்போகிறாராம். ஜேசிபி புதன்கிழமை வருகிறது.

"அங்கதானுங்க அயிரை குஞ்சு பொரிச்சிருக்குது. மணலு தானா வந்து சேர்ந்திருக்குது."

"இத்தினிக்கூண்டு மீனுக்காக ஆர்ச்சை நிறுத்தறதா? நல்லா இருக்குதே, கண்ணு."

மீனின் வாழிடம், இனப்பெருக்கம், அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம் எல்லாம் சொல்லிப் பார்த்தான். ஆறுச்சாமி போனில் ஆர்ச் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கதவுவரை போனவன் திரும்பினான்.

"அது ஈசானிய மூலைங்க. அங்க பாரம் ஏத்தலாமாங்க?"

ஆறுச்சாமி போனைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலமே வாஸ்து பார்க்கும் குமாரசாமி வந்து, பயந்துபோய் நின்றார். ஈசானியம் தாழ்ந்து, தண்ணீர் நின்று, ஒரு செங்கல்கூட இல்லாமல் இருக்க வேண்டும்; ஆள் நடமாட்டமே கூடாது; கிழக்கே குவித்திருக்கும் அந்தக் கல் மணலும் ஆகாது. ஒரே வாரத்தில் வடகிழக்கு மூலைக்கு வேலி வந்தது. 'திருப்பூர் பீச்' அப்படியே லாரி ஏறி, புது யூனிட்டின் பூச்சு வேலைக்குப் போனது. அறுபத்திரண்டு பக்க அறிக்கையால் ஆகாத காரியத்தைக் குமாரசாமி வெற்றிலை மென்று முடிப்பதற்குள் முடித்துவிட்டார்.

அயிரை குஞ்சு பொரித்த செய்தியை மகுடேஸ்வரன் எழுதி அனுப்பியதும், எந்த அறிவியல் முறையைக் கையாண்டீர்கள் என்று டென்மார்க்கிலிருந்து கேட்டார்கள். 'உள்ளூர் மரபறிவு' என்று எழுதினான். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இடத்தையும் கண்டுபிடித்தவர் பேரையும் ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பினால் இணையத்தில் போடுகிறோம் என்றார்கள். மகுடேஸ்வரன் மகிழ்ச்சியோடு ஒச்சம்மாளிடம் போனான்.

அவள் ஒரு காலர் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னாள்: "எம்பேரும் வேணாம், குளத்துப் பேரும் வேணாம் சார். இங்க அயிரை கெடக்குன்னு எங்க ஊரு ஆளுகளுக்குத் தெரிஞ்சா, ஒரே ஞாயித்துக்கெழமைல கொழம்பாயிரும்."

அவன் இருக்கைக்குத் திரும்பி, படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு மெயிலை அனுப்பினான்.