களத்து வளைவுக்குப் பூஜ்யம்

களத்து வளைவில் வேகத்தடை கேட்டு மூன்றாவது தடவையாகச் சாலை அலுவலகப் படியேறினேன். நான் வார்டு மெம்பர். எங்கள் ஊரிலிருந்து டி. கல்லுப்பட்டி பள்ளிக்கூடத்துக்குப் போகிற இருபது பிள்ளைகளும் அந்த வளைவில்தான் சைக்கிளைத் திருப்பியாக வேண்டும். என் மகள் முத்துமீனாவும் அதில் ஒருத்தி.

பொறியாளர் இம்மானுவேல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆபத்தான இடங்களின் பட்டியல். விபத்து அதிகம் பதிவான இடம் மேலே. அதற்குத்தான் முதலில் வேலை. எங்கள் வளைவு கடைசியில்கூட இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு கேஸும் இல்லையாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ரத்தம் காய்வதற்குள் அடுத்தவன் விழுகிற இடத்துக்குப் பூஜ்யமா என்று கத்தினேன். மனுஷன் கோபப்படவில்லை. விழுந்தவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுங்கள், விசாரித்துச் சேர்க்கப் பார்க்கிறேன் என்றார்.

யாரை எழுதிக் கொடுப்பது? அழகுபாண்டிக்கு லைசென்ஸ் இல்லை. வளைவில் வண்டியோடு விழுந்து கால் முறிந்தவனைப் புளியமரத்திலிருந்து விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். முனியாயியை இடித்தது அவள் அக்கா மகன் வண்டி. தொழுவத்தில் வழுக்கி விழுந்தாள் என்று முடித்தோம். பொய் சொல்வதற்கு மட்டும் எம்புட்டு ஒற்றுமை எங்கள் ஊரில், த்தூ. எல்லாவற்றுக்கும் கூட நின்றவளும் நான்தான்.

ஊருக்கு வந்ததும் வீடு வீடாக ஏறி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அழகுபாண்டி வேலை கிடக்கிறது என்று நழுவினான். முனியாயி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“ஒன் வீட்டுக்காரரு காளை அண்ணன் என்ன நெஞ்சு வலியிலயா போய்ச் சேந்தாரு, சோலையம்மா? மொத நீ எழுதிக் குடு. பின்னாடியே நானும் தாரேன்.”

என் புருஷனை அந்த வளைவில் லாரி அடித்தது. லாரிக்காரன் நிற்கவில்லை. போலீசுக்குப் போனால் உடம்பை அறுப்பார்கள் என்று பயந்து, மாரடைப்பு என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டோம். முத்துமீனா அப்போது திருப்பரங்குன்றத்தில் அம்மாச்சி வீட்டில் இருந்தாள். வந்தவளிடமும் அதையே சொன்னோம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மனு எழுதுவதெல்லாம் மகள்தான். சாயங்காலம் பேப்பரை விரித்து, விழுந்தவர்கள் என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்தாள்.

“மொதப் பேரு யாரும்மா?”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“எழுது” என்றேன். “பேரு, காளை. எடம், களத்து வளைவு.”