செத்த மீன்களுக்குத் தீனி

மூன்றாம் மாடி லிஃப்ட்காரன் வீட்டுத் தொட்டியில் செத்துப்போன மீன்கள், தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்குத் தீனி தின்ன வரும். மழை நாளிலும் வரும், கரண்ட் போன நாளிலும் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் அவற்றின் வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கூழாங்கல் தெரியும். மற்றபடி வால், செதில், கண் எல்லாம் உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே. கட்டடத்தில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. முதல் வாரம் படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் கூட்டம் ஏறியது. இரண்டாவது வாரம் மேல்மாடிக்காரி மட்டும், அதுவும் தயிருக்கு உறைமோர் கேட்டு வந்த சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கூரையில் தண்ணீர் ஒழுகும் பேச்சு பெரிதாகிவிட்டது, மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பவன் அவன். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் மனைவி காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவனாகக் கட்டவில்லை, கூடவே இருக்கும் அவனுடைய அக்கா கட்டி வைத்தாள். மூட்டுவலி, நின்று சமைக்க முடியவில்லை என்று காரணம் சொன்னாள். அந்தக் காரணத்துக்கு ஒரு தைலம் வாங்கியிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். வந்தவளுக்குக் கட்டடம் வைத்த பேர் புதுசு. வருஷங்கள் போயும் அந்தப் பேர் பழசாகவில்லை.

பீரோவைத் திறந்தால் முதல் மனைவியின் துணி. குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்த பொட்டு. வாசலில் அவள் செருப்பு, அக்கா தினமும் தூசி தட்டி வைப்பாள். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், அதன்மேல் ஒரு துண்டுகூடப் போடக் கூடாது. புதுசு தன் உடுப்பைக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, தினம் குனிந்து குனிந்து எடுத்தாள். கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"இந்த வீட்ல எனக்குன்னு ஒரு முழம் இடம் குடுங்க. மீன் வளக்கிறேன்."

"மீனா? கொழம்பு வைக்கவா?" என்றாள் அக்கா.

"பாக்கறதுக்கு."

"பாத்தா வயிறு நெறையுமா?"

"இந்த வீட்ல பாத்துக்கிட்டுத்தானேக்கா எல்லாரும் உக்காந்திருக்கோம்" என்றாள் புதுசு. லிஃப்ட்காரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றான். கூடத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு இடம் சும்மா கிடந்தது. அங்கே முதல் மனைவி எதையும் வைத்ததில்லை.

மீன்கடைக்காரன் சிரித்த முகம். விற்கிறவன் சிரிக்கத்தான் செய்வான். கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், வடிகட்டி, விளக்கு, பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு மீனையும் பையில் பிடித்துக் கொடுத்தான். கப்பி, மோலி, நியான், நடுவில் ராணி மாதிரி ஒரு ஏஞ்சல். "குழாத் தண்ணிய ஊத்துங்க, இந்தச் சொட்டு மருந்த விடுங்க, மீன விடுங்க. அவ்ளோதாம்மா, கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றான். அவள் அப்படியே செய்தாள். வந்த வாரமே நியான்கள் நிறம் வெளுத்துத் தரையில் சாய்ந்தன. பிறகு கப்பிகளும் மோலியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏஞ்சல் கடைசிவரை கௌரவமாக நின்றுவிட்டு, ஒரு காலையில் வடிகட்டியின் வாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைக்காரனிடம் போய்க் கேட்டதற்கு, "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல மேடம்" என்றான். அது மட்டும் உண்மை.

புதுசு போனில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். புதுத் தண்ணீரில் மீனை விடக் கூடாது, தண்ணீர் பழக வேண்டும். மீனின் கழிவிலிருந்து ஒரு விஷம் வரும். அதைத் தின்கிற கிருமி வடிகட்டிப் பஞ்சில் மெல்ல மெல்லக் குடியேற வேண்டும். அது தின்று இன்னொரு விஷத்தை விடும், அதைத் தின்ன வேறொரு கிருமி வர வேண்டும். அதுவரை தொட்டி காலியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் மீன் இருப்பதுபோலத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் காலித் தொட்டிக்குச் சோறு போடுவதைப் பார்த்துக் கட்டடம் சிரித்தது. அவள் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்து விட்டு ஆட்டுவாள். பச்சை வந்தால் விஷம், மஞ்சள் வந்தால் நல்லது. வாரக்கணக்காகப் பச்சையே வந்தது. அதன்பின் ஒரு நாள் மஞ்சள் தட்டியது. அன்றைக்கு அவள் இஸ்திரிக் கடைக்குப் போகும்போது படியில் பாட்டு முணுமுணுத்தது கீழ் வீடுவரை கேட்டது. சாயங்காலம் திரும்பி வந்தபோது, வடிகட்டிப் பஞ்சு சோப்புப் போட்டுத் துவைத்து, வெந்நீரில் அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.

"கரேல்னு அழுக்கு. ஒரு வீட்ல அப்படியா வெச்சிருப்பாங்க? அவ இருந்தவரைக்கும் இந்த வீட்ல ஒரு பொட்டு அழுக்கு இருந்ததில்ல" என்றாள் அக்கா.

புதுசு பஞ்சைக் கொடியிலிருந்து எடுத்துத் திரும்ப வடிகட்டிக்குள் திணித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில்தான் செத்தவை வந்தன. லிஃப்ட்காரன்தான் முதலில் பார்த்தான். வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான், தெருவிளக்கு எரிந்தது, காலியாக இருந்த தொட்டியில் ஏஞ்சல் நின்றது. அதன் பின்னால் கப்பிகள், நியான்கள், மோலி. எல்லாம் கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்தன. அவன் ஒரு சிட்டிகை தீனி போட்டான். அவை பாய்ந்து தின்றன, தீனியோ அவற்றின் உடம்பைத் தாண்டி நேராகக் கீழே போய்க் கல்லில் விழுந்தது. ஆனாலும் அவற்றுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்சம் நிறம் கூடியது. விளக்கு முழுசாகப் பிரகாசமானதும் போய்விட்டன. அன்று அவன் ரொம்ப நேரம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அந்தக் கூடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று அக்காவே சொன்னாள்.

பிறகு அது வழக்கமானது. புதுசு மறுபடி மறுபடி மீன் வாங்கி விட்டாள். அடியில் விழுந்த தீனி அழுகி, தண்ணீர் கெட்டு, உயிருள்ளவை செத்தன. செத்தவை மறுநாள் சாயங்காலமே மற்றவற்றோடு வந்து வரிசையில் நின்றன. வாய் கூடக் கூடத் தீனி கூடியது, தீனி கூடக் கூடச் சாவு கூடியது. உயிரோடு இருக்கும்போது நியானை விரட்டி விரட்டிக் கடித்த ஏஞ்சல், இப்போது அதனோடு தோளுரசி நின்றது. "எவ்ளோ ஒத்துமையா இருக்குங்க பாரு" என்றான் லிஃப்ட்காரன். "செத்ததுக்கப்புறம் எல்லாரும் நல்லவங்கதான்" என்றாள் புதுசு.

ஒரு நாள் நேராகக் கேட்டாள். செத்ததுக்குப் போடுகிற தீனியை நிறுத்த முடியுமா, முடியாதா. அவன் மழுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"இதுங்க வருதுங்கன்னா ஏதோ ஒரு வழி தெறந்திருக்குன்னுதானே அர்த்தம். தீனிய நிறுத்தினா வழி மூடிக்கும்."

"மூடினா?"

அவன் வாசல் பக்கம் செருப்பைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அப்போதுதான் தான் அந்த வீட்டில் எதற்கு எதிராக நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் அவள் கத்தவில்லை. "ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க. எனக்காக" என்றாள். அந்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் அந்த வீட்டில் சொன்னதில்லை. அவன் தலையாட்டினான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். செத்தவை வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றுவிட்டு வெறும் வயிற்றோடு போயின. நாளாக ஆக மங்கின. நியான்கள் ஒரு கோடாக இளைத்தன, கப்பிகளுக்குக் கண் மட்டும் மிஞ்சியது. தண்ணீரோ தெளிந்துகொண்டே வந்தது. அவள் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் ஆற வைத்து ஊற்றினாள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வைத்தாள், அக்கா தொட்டிப் பக்கம் வந்தால் முறைத்தாள். கடைசியில் மருந்து மஞ்சளாகவே நின்றது, இரண்டாவது விஷமும் இல்லை என்றாகியது. இந்தத் தடவை கடைக்காரன் எவ்வளவோ சொல்லியும் ஒரே ஒரு கறுப்பு மோலியை மட்டும் வாங்கி வந்தாள். அது பிழைத்தது. தின்றது, கொழுத்தது, ஒரு காலையில் செடிக்கு அடியில் கடுகு சிதறினாற்போலக் குஞ்சுகளைப் போட்டிருந்தது. புதுசு அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "மூக்கு முழி எல்லாம் இருக்கு பாருங்கக்கா." அக்காகூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாளாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டலின் மொத்தத் துணியும் சலவைக்கடைக்கு வந்தது. மேஜைவிரிப்பு, படுக்கைவிரிப்பு, சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டை என்று மலை மலையாக. அந்த வாரம் முழுக்க அவள் வர நேரமானது. மோலிக்கும் குஞ்சுகளுக்கும் நகத்தளவு பொடி போட்டால் போதும் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் நகத்தளவுதான் போட்டான். ஆனால் தெருவிளக்கு எரிந்தபோது ஏஞ்சல் வரவில்லை. மறுநாள் சில கப்பிகளையும் காணவில்லை. மூன்றாம் நாள் வந்தவற்றை எண்ணுவதற்கே கண்ணை இடுக்க வேண்டியிருந்தது.

"பசியோட நிக்குதுங்கடா தம்பி. பாக்கச் சகிக்கலை" என்றாள் அக்கா.

அவன் டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளிப் போட்டான். மறுநாளும் போட்டான். ஏஞ்சல் திரும்பி வந்தது. அவன் அழுதான் என்கிறார்கள், பார்த்தவர்கள் இல்லை.

வாரக் கடைசியில் புதுசு வந்து விளக்கைப் போட்டபோது தண்ணீர் பால் ஊற்றினாற்போல இருந்தது. மோலி மல்லாந்து மிதந்தது. குஞ்சுகளை அவள் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு, தெருவிளக்கு எரியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பளிச்சென்று வந்தன, கூட்டத்தின் முன்னால் கறுப்பு மோலி, அதைச் சுற்றி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புள்ளிகள். லிஃப்ட்காரன் பக்கத்தில் நின்று, "பாரு, எதுவும் எங்கயும் போயிடல" என்றான். ஆறுதல் என்றுதான் நினைத்துச் சொன்னான்.

அவள் எழுந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். ஏற்கெனவே அடுக்கினபடியே இருந்த பெட்டி, நேரமாகவில்லை. பிறகு தொட்டியில் கையை விட்டு, வடிகட்டியிலிருந்து அந்தக் கறுத்த, வழுவழுத்த பஞ்சை எடுத்துத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். அந்த வீட்டில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

"நீங்க அவங்களுக்காகக் காத்திருங்க, தப்பில்ல" என்றாள். "என்னையும் கூட்டியாந்து உக்கார வெச்சிட்டுக் காத்திருந்தீங்க பாருங்க, அதான் தப்பு."

அவன் பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு வந்தான். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஆட்டோவில் வைத்துவிட்டு, மீன்களுக்கு இன்னும் தீனி போடவில்லை என்று மேலே ஏறிப் போய்விட்டான்.

சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். பஞ்சு இருந்ததால் அங்கே வைத்த தொட்டிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, வந்த முதல் நாளே தண்ணீர் பழகிவிட்டது. அங்கேயும் ஒரு கப்பி வயசாகிச் செத்தது. தெருவிளக்கு எரியும்போது அவள் போய்ப் பார்த்தாள், வரவில்லை. நின்றுகொண்டே கொஞ்சம் டீ குடித்துவிட்டு இஸ்திரி போடக் கீழே இறங்கிவிட்டாள். ஒரு தடவை லிஃப்ட்காரன் அந்தக் கடைக்குப் போனான்.

"நல்லாருக்கியா?"

"ஆவி அடிக்குது, தள்ளி நில்லுங்க."

"வீட்டுக்கு வரலாம்ல."

"தீனிய நிறுத்திட்டீங்களா?"

அவன் கம்பியில் தொங்கும் கோட்டுகளைப் பார்த்தான். பிறகு, போன வாரம் கொடுத்த நீலச் சட்டை ஆகிவிட்டதா என்று கேட்டான். ஆகியிருந்தது. அவள் காலரைத் தடவிச் சரி பண்ணி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

முதல் மனைவி இதுவரை வரவில்லை. வருவதாக அறிகுறியும் இல்லை. வாளி தூக்க மூட்டுவலி விடவில்லை என்று அக்கா சொல்லிவிட்டதால் தொட்டியில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது தானாக வற்றி, ஒரு கோடைக்குப் பிறகு கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும்தான் மிச்சம். மீன்கள் தெருவிளக்கு எரியும்போது அதற்குள் வழக்கம்போல வந்து நிற்கின்றன. அவன் போடும் தீனி அவற்றைத் தாண்டி உலர்ந்த கல்லில் விழுகிறது, காலையில் அக்கா துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுகிறாள். தண்ணீர் இல்லாததால் இப்போதெல்லாம் நாற்றமும் இல்லை, இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்கிறாள்.